லயம் வீடுகள் (இடுக்கி, பாலக்காடு)

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளே லயங்கள். மூணாறு, பீர்மேடு, நெல்லியாம்பதி மலைகளில் இவை உள்ளன. மூணாற்றில் வாழ்வோரில் பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தமிழர். வீடு தரும் கடமையை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட உரிமையாளர் மீது வைத்தது. ஆனால் வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். ஓய்வு பெறுபவருக்கு நிற்கச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூடப் பெரும்பாலும் இல்லை. சிக்கலின் வேர் இதுதான்.

கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் பயனாளிகள் பட்டியலுக்குக் கிராம சபை ஒப்புதல் தருகிறது. வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய் கிடைக்கும். நிலமோ தோட்டத்தின் கையில். ஊராட்சியால் மட்டும் என்ன செய்துவிட முடியும்?

சொந்த நிலத்தில் வீடு சிலருக்குக் கிடைத்தது ஒரு பேரிடருக்குப் பிறகுதான். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாற்றை அடுத்த ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. கைக்குழந்தைகள் உட்பட 70 பேர் இறந்தார்கள். நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றில் வேர் கொண்டவர்கள். பின்னர் குற்றியாறு பள்ளத்தாக்கில் அரசு நிலம் ஒதுக்க, கண்ணன் தேவன் தேயிலை நிறுவனம் பாதிக்கப்பட்ட எட்டுக் குடும்பங்களுக்கு வீடு கட்டிக்கொடுத்தது. அவை அவர்கள் பெயரிலேயே பட்டா பெற்ற வீடுகள்.