தட்டானா, தும்பியா?

ஏரிக்கரை அறிவிப்புப் பலகை ஒன்றில் தட்டானை ‘டிராகன் ஈ’ ஆக்கிவிட்டார்கள். ஈக்கு இரண்டே சிறகு, இதற்கு நான்கு. தும்பி என்று எழுதலாமே என்பீர்கள். ஆனால் குறுந்தொகை 2ஆம் பாடலில் தலைவன் விளிக்கும் தும்பி, தேன் தேடும் வண்டு. அகராதியில் யானை என்ற பொருளும் உண்டு! மலையாளத்தில் இன்று தும்பி என்றால் தட்டான்தான். இங்கே இயற்கை ஆர்வலர்களும் அப்படியே எழுதுகிறார்கள். எனக்கென்னவோ தட்டானே பிடிக்கும். பொன்னைத் தட்டி வேலை செய்பவருக்கும் அதே பெயர். முட்டையிடும்போது வால்நுனியால் கண்மாய் நீரைத் தொட்டுத் தொட்டுத் தட்டிப் பறப்பதைப் பார்த்தால், பூச்சிக்கும் அது பொருந்துகிறது. உட்கார்ந்தாலும் சிறகை விரித்தே வைத்திருக்கும். மெலிந்த உடலோடு, பெரும்பாலும் சிறகை முதுகின்மேல் மடக்கி உட்காரும் அதன் உறவுக்கு ஊசித்தட்டான் என்ற பெயர் கச்சிதம். இந்த இரண்டு சொற்களே போதும். புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம்.