புற்றுநோய் மருந்தும் சென்னை வழக்கும்

இன்று கல்லூரிகளும் தொழிற்சாலைகளும் நிறைந்து விளங்கும் நீலாய், முன்னாளில் பால்மரத் தோட்டங்களால் அறியப்பட்ட ஊர். பால்மரத் தொழிலை அறிந்தோர்க்கு ஒரு செய்தி நன்கு தெரியும். மரப்பட்டையில் எத்திபான் என்னும் மருந்தைத் தடவினால் பால் மிகுதியாக வடியும். அம்மருந்து மரத்துக்கு உணவும் அன்று, உரமும் அன்று. மரத்தினுள் அது எத்திலீனை வெளியிடும். வெட்டுவாயில் பால் உறைந்து அடைபடுவதை எத்திலீன் தாழ்த்தும். இவ்வாறு உயிருள்ள உடலுக்குள் ஆணை கொண்டு செல்லும் பொருளையே ஹார்மோன் என்பர்.

மனித உடலிலும் இத்தகைய ஆணைகள் உண்டு. சில புற்றுநோய்கள் அவற்றைப் பெற்றே வளர்கின்றன. ஆணையைத் தடுத்தால் நோய் தளருமன்றோ? இக்கேள்விக்கு விடை கண்ட வரலாறு கிளாஸ்கோவில் தொடங்கிச் சென்னையைத் தொட்டுச் செல்கிறது.

பசுவின் பாலும் பீட்சனின் ஆய்வும்

கன்று ஈன்ற பசுவின் சூற்பையை அகற்றினால் அது நெடுநாள் பால் சுரக்கும் என்பதைச் சில நாட்டு உழவர்கள் கண்டிருந்தனர். சூற்பை எங்கோ இருக்க, மடியில் மாறுதல் நிகழ்வானேன் என்று கிளாஸ்கோ மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் சிந்தித்தார். முற்றிய மார்பகப் புற்றுநோயுற்ற ஒரு பெண்ணின் சூற்பைகளை அவர் அகற்றினார், கட்டி சுருங்கியது. 1896இல் அவர் இதை வெளியிட்டபோது ‘ஹார்மோன்’ என்ற சொல்லே பிறக்கவில்லை. அச்சொல்லை ஸ்டார்லிங் என்னும் அறிஞர் வழங்கியது 1905இல்தான். பின்னர், ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோயும் ஆண் ஹார்மோனைச் சார்ந்தது என்பதைச் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் நிறுவினார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது.

1962இல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்னும் அம்மையார் டமாக்சிஃபென் என்ற பொருளை ஆக்கினார். கருத்தடைக்கென நாடிய மருந்து அது, அப்பணிக்கு உதவவில்லை. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு 1970களில் அது சிறந்த மருந்தாயிற்று. பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜன், உயிரணுவில் தனக்கென உள்ள ஏற்பியில் சென்று பொருந்தினால்தான் வேலை செய்யும். டமாக்சிஃபென் முந்திச் சென்று அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பூட்டின் துளையில் வேறொரு சாவி செருகப்பட்டிருந்தால் உரிய சாவி நுழையுமா? ஏற்பி இல்லாத கட்டிக்கு இம்மருந்து பயன்படாது. ஆதலின் கட்டியின் திசுவைச் சோதித்தறிந்த பின்னரே இதைக் கொடுப்பர்.

இலக்கு நோக்கிய மருந்து

ஆணை வெளியிலிருந்து வராமல் உயிரணுவுக்குள்ளேயே பிறக்கும் நோய்களும் உள. 1960இல் பிலடெல்பியா நகரில் நோவல், ஹங்கர்ஃபோர்டு என்னும் இருவர், ஒரு வகை நாட்பட்ட இரத்தப் புற்றுநோயில் ஒரு குரோமோசோம் குட்டையாயிருக்கக் கண்டனர். ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்வதே காரணம் என்று ஜேனட் ரௌலி 1973இல் விளக்கினார். அம்மாற்றத்தால் பிறக்கும் புரதம், ‘பெருகு, பெருகு’ என்று ஓயாமல் ஆணையிடுகிறது. அப்புரதத்தை முடக்குவதே இமாட்டினிப். 2001இல் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் அளித்தது. விரைந்து பெருகும் உயிரணுக்களை நல்லது தீயது பாராமல் தாக்கும் பழைய மருந்துகளினின்றும் இது வேறுபட்டது. நோயை முற்றும் ஒழித்ததென்று எல்லார்க்கும் சொல்லவியலாது. பலர் இதை நெடுங்காலம் உண்ண வேண்டும். ஆயினும் சில ஆண்டுகளில் உயிர் பறித்த நோய், பலர்க்கு உடன் வாழக்கூடிய நோயாயிற்று.

விலையும் வழக்கும்

நாள்தோறும் உண்ண வேண்டிய மருந்தின் விலை என்ன? வழக்கு நடந்த காலத்தில் இந்தியாவில் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆயிற்று. உள்நாட்டு நிறுவனங்களின் மருந்துக்கு அப்போது ஏறத்தாழ 10,000 ரூபாய் ஆயிற்று. 1998இல் இம்மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் காப்புரிமை கேட்டிருந்தது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் அதை மறுத்தது. அறிந்த பொருளின் புதுவடிவம், நோய் தீர்க்கும் ஆற்றலில் சிறந்தாலன்றிப் புதுக்கண்டுபிடிப்பாகாது என்பது இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அப்பிரிவையே எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளிற்று. 2013 ஏப்ரல் 1ஆம் நாள் உச்சநீதிமன்றமும் காப்புரிமையை மறுத்து முடிவு கூறியது.

நிறுவனத்தின் தரப்பிலும் வாதம் இருந்தது. ஆய்வுக்குப் பெரும்பொருள் வேண்டும் என்றது. நோயாளிகள் பலர்க்கு மருந்தை இலவசமாக அளிப்பதையும் எடுத்துக் காட்டியது. அவ்வாதத்தை எளிதில் புறந்தள்ளுதல் இயலாது. ஆயினும் கொடையாக வரும் மருந்து வேறு. விலை கொடுத்து வாங்கும் எல்லையில் இருக்கும் மருந்து வேறு.

இவ்வழக்கு நடந்த சென்னையில்தான், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். பன்னிரண்டு படுக்கைகளுடன் அது தொடங்கியது. ஏழையும் மருத்துவம் பெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். கட்டியின் உள்ளே இலக்கைத் தேடிச் செல்லும் மருந்தை அறிவியல் தந்துவிட்டது. அம்மருந்து தோட்டத்து வீட்டின் வாயிலையும் தேடி வருமாறு செய்வது மக்களின் கடமையாகும்.