பூகம்பத்துக்கு முன், பூகம்பத்துக்குப் பின்

1755 நவம்பர் 1, சனிக்கிழமை. அனைத்துப் புனிதர்கள் பெருவிழா. லிஸ்பன் நகரத் தேவாலயங்களில் நிற்க இடமில்லை. பீடம்தோறும் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. காலை ஒன்பதரை மணி தாண்டியதும் தரை ஆட ஆரம்பித்தது. தப்பிப் பிழைத்தவர்கள், தலையில் விழ எதுவும் இல்லாத வெட்டவெளி தேடி டேகஸ் ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஆறு உள்வாங்கியது. பிறகு சுனாமியாகத் திரும்பி வந்தது. அலைக்குப் பயந்து மேட்டுக்கு ஏறியவர்களுக்கு அங்கே தீ காத்திருந்தது. சரிந்த மெழுகுவத்திகளும் வீட்டு அடுப்புகளும் மூட்டிய அந்தத் தீ ஐந்தாறு நாள்கள் எரிந்தது. செத்தவர்கள் 30,000 பேர் என்பார்கள், 40,000 என்பார்கள். சரியான கணக்கு யாரிடமும் இல்லை.

இன்று லிஸ்பனுக்குப் போகிறவர்களின் கையில் ஒரு பட்டியல் இருக்கும். மஞ்சள் நிற 28ஆம் எண் டிராம், மலைமேல் கோட்டை, பெலேம் கோபுரம், முட்டைக் கஸ்டர்டு பேஸ்ட்ரி. எதுவும் தப்பில்லை. ஆனால் கண்ட வரிசையில் பார்த்தால் ஊர் பிடிபடாது. மத்தியகால முடுக்கு ஒன்றிலிருந்து இறங்கினால், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோன்ற தெரு. அதைத் தாண்டினால் கூரையில்லாத தேவாலயம். என்ன ஊர் இது என்று குழப்பம்தான் மிஞ்சும். அந்த ஒரு காலைப்பொழுதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் எல்லாம் தெளிவாகிவிடும். எது அன்றைக்கு முன்பே இருந்தது, எது அன்றைக்கு உடைந்தது, எது அதற்குப் பிறகு எழுந்தது? லிஸ்பனை மூன்றாகப் பிரிக்க இந்தக் கேள்வி போதும்.

‘முன்பு’ இருந்த லிஸ்பனைப் பார்க்க ஒரு சுவர் இருக்கிறது. ஊரின் கிழக்கே, 1509இல் லியோனோர் அரசி நிறுவிய மாத்ரே தே தேயுஸ் கன்னிமடம் இப்போது தேசிய ஓட்டு அருங்காட்சியகம். கூரை ஓடு அல்ல. போர்ச்சுகல்காரர்கள் வீட்டுச் சுவர், தேவாலயச் சுவர், ரயில் நிலையச் சுவர் என்று எங்கும் பதிக்கும் பளபளப்பான அசுலேஜு ஓடு. அங்கே சுமார் 23 மீட்டர் நீளத்தில் நீலமும் வெள்ளையுமாக ஒரு நகரக் காட்சி உண்டு. 1700ஐ ஒட்டிச் செய்தது. ஆற்றின் நடுவே படகில் நின்று பார்ப்பதுபோல் மொத்தக் கரையையும் வரைந்திருக்கிறார்கள். இடதுகோடியிலிருந்து வலதுபக்கமாக நடந்தால் மேற்கிலிருந்து கிழக்கே போகலாம். பாய்மரங்கள், மடங்கள், சரிவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் வீடுகள். நடுநாயகமாக, ஆற்றில் கால் நனைத்தபடி ஓர் அரண்மனையும் அதன் கோபுரமும். இந்த நகரத்துக்கு இன்னும் ஐம்பது ஆண்டுகள்தான் ஆயுள் என்று ஓட்டில் தீட்டியவருக்குத் தெரியாது.

அந்த அரண்மனைதான் ரிபெய்ரா. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலைக்கோட்டையில் வாழ்ந்த மன்னர் முதலாம் மனுவேல் கீழே இறங்கி ஆற்றோரம் கட்டிக்கொண்டது. கப்பலில் வந்து இறங்கும் மிளகையும் இலவங்கத்தையும் ஜன்னலில் நின்றே பார்க்கலாம். அரச வியாபாரியின் வீடு கிடங்குக்குப் பக்கத்தில் இருப்பது வசதிதானே. 1755இல் அந்த அரண்மனையோடு 70,000 நூல்கள் கொண்ட நூலகம் போயிற்று. டிஷியன், ரூபன்ஸ் ஓவியங்கள் போயின. பக்கத்திலேயே அந்த ஆண்டுதான் ஆப்ரா அரங்கு ஒன்றைத் திறந்திருந்தார்கள். ஏழே மாதம்.

அன்றைய உடைப்பைப் பார்க்க கார்மோ மடத்துக்குப் போக வேண்டும். தளபதி நூனோ ஆல்வாரெஸ் பெரெய்ரா 1389இல் நிறுவிய மடம். திருவிழாப் பூசை நேரத்தில் அதன் கல் கூரை விழுந்தது. பிற்பாடு திரும்பக் கட்ட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்கள். இன்று உள்ளே நுழைந்தால் இருபுறமும் தூண்கள், அவற்றின் தலையில் விலா எலும்புபோல வளைவுகள், வளைவுகளுக்கு மேலே வானம். கீழே புல்தரை. 1864 முதல் அது தொல்லியல் அருங்காட்சியகம். லிஸ்பனில் ஓர் இடம் மட்டும் பார்க்க நேரம் இருந்தால் இதைப் பாருங்கள். வெளியே உள்ள சிறு சதுக்கத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. மடத்தை ஒட்டிய காவல்படைப் பாசறையில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகார ஆட்சியின் கடைசிப் பிரதமர் மார்சேலோ கயத்தானோ தஞ்சம் புகுந்தார். சதுக்கம் முழுக்க மக்கள். மாலையில் சரணடைந்தார். படைவீரர்களின் துப்பாக்கிக் குழலில் கார்னேஷன் பூச்செருகிய புரட்சி அதுதான்.

இறங்கி ரோசியோ சதுக்கத்துக்கு வந்தால் பக்கத்திலேயே சாவோ டொமிங்கோஸ் தேவாலயம். பயண வழிகாட்டி நூல்கள் ஒரு வரியில் கடந்துபோகும் இடம். 1506இல், கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளான யூதர்களைக் கொல்லும் வெறி இங்கிருந்துதான் கிளம்பியது. மூன்று நாள்கள் நடந்த அந்தப் படுகொலைக்கு வாசலில் இப்போது நினைவுக்கல் இருக்கிறது. தேவாலயத்தை 1755 பெயர்த்துப் போட்டது. திரும்ப எழுப்பியதை 1959இல் தீ தின்றது. வெடித்துச் சிதறிய தூண்களைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டுத்தான் மறுபடி திறந்தார்கள். நல்ல முடிவு.

இனி ‘பிறகு’. இந்தப் பகுதியின் நாயகன் என்று எல்லாரும் சொல்வது செபாஸ்தியாவோ ஜோசே தெ கார்வால்யோ இ மேலோ என்ற அமைச்சரை. பின்னாளில் பொம்பால் பிரபு. ஊரின் பெரிய ரவுண்டானாவில் சிங்கத்தோடு சிலையாக நிற்பவர் அவர்தான். ஆனால் இன்னொரு பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மனுவேல் தா மாயா. தலைமைப் பொறியாளர். பூகம்பத்தின்போது அவருக்கு வயது 78. அரசு ஆவணக் காப்பகத்தின் பொறுப்பும் அவரிடம்தான். கோட்டையிலிருந்த காப்பகக் கோபுரம் இடிந்ததும், ஆவணங்களை இடிபாட்டிலிருந்து மீட்டு மரக் கொட்டகையில் அடுக்க ஏற்பாடு செய்தார். டிசம்பர் 4ஆம் தேதியே, அதாவது ஐந்தே வாரத்தில், நகரை எப்படிக் கட்டலாம் என்று அறிக்கையும் கொடுத்துவிட்டார். அதில் ஐந்து வழிகள் இருந்தன. பழையபடியே கட்டுவது ஒன்று. தெருக்களை அகலமாக்குவது இன்னொன்று. கட்டடங்களின் உயரத்தையும் குறைப்பது மூன்றாவது. தாழ்ந்த பகுதியை மொத்தமாகத் தரைமட்டமாக்கிப் புதிய தெருக்கள் போடுவது நான்காவது. பெலேம் பக்கம் வேறு நகரமே கட்டுவது ஐந்தாவது. நான்காவது வழி தேர்வானது.

அந்த நான்காவது வழிதான் இன்றைய பைஷா பகுதி. யூஜேனியோ தோஸ் சாந்தோஸ், கார்லோஸ் மார்டெல் என்ற இருவர் வடிவமைத்தார்கள். நேர்த்தெரு, குறுக்குத்தெரு, ஒரே உயரக் கட்டடங்கள், ஒரே அளவு ஜன்னல்கள். பிரபு வீட்டுக்குத் தனி அலங்காரம் கிடையாது. தெருக்களைத் தொழில்வாரியாகப் பிரித்தார்கள். தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தொழிலாளர் தெரு என்ற பெயர்ப்பலகைகள் இன்றும் இருக்கின்றன. அழகைவிடப் பெரிய விஷயம் சுவருக்குள் ஒளிந்திருக்கிறது. பெருக்கல் குறிபோல் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டி ஒரு கூண்டு செய்து, இடைவெளியில் கல்லும் காரையும் நிரப்பினார்கள். தரை ஆடினால் கூண்டு அசைந்து கொடுக்கும், கட்டடம் நொறுங்காது. மாதிரி ஒன்றைச் செய்துவைத்து, சுற்றிலும் சிப்பாய்களைத் தடதடவென்று நடக்கவிட்டு அதிர்வைச் சோதித்தார்கள் என்று சொல்வதுண்டு. அண்ணாந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரைக்கும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமலிருக்க.

பைஷாவின் அடிவயிற்றையும் பார்க்கலாம். குதிரைச் சேணம் செய்தவர்கள் பெயரிலான கொரெயெய்ரோஸ் தெருவில், ஒரு வங்கிக் கட்டடத்துக்கு அடியில் தோண்டியபோது ரோமானியர் மீனை உப்பிட்டுப் பதப்படுத்திய தொட்டிகள் கிடைத்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே பைஷாவைத் தாங்கும் பைன் மரக் கழிகளும் இருக்கின்றன. நிலத்தடி நீரில் எப்போதும் ஊறிக் கிடப்பதால் மக்காத கழிகள்.

தெரு முடிவில் ஆற்றைப் பார்த்துத் திறக்கும் மாபெரும் சதுக்கம், இடிந்த அரண்மனை நின்ற இடம். வணிகர்கள் தாமாகவே இறக்குமதிக்கு 4 சதவீதம் கூடுதலாகக் கொடுத்து நகரைக் கட்ட உதவியதால், அதற்கு வணிகச் சதுக்கம் என்று பெயர் வைத்தார் பொம்பால். நடுவில் குதிரைமீது மன்னர் முதலாம் ஜோசே. 1775இல் மச்சாதோ தெ காஸ்த்ரோ வடித்தது. பீடத்தில் பொம்பாலின் உருவம் பதித்த பதக்கம் ஒன்றும் உண்டு. 1777இல் மன்னர் இறந்து அமைச்சர் பதவியிழந்ததும் அதைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அது திரும்ப ஏறியது. நகரைத் தூக்கி நிறுத்தியவர்தான், ஆனால் எதிரிகளைக் கொடூரமாகத் தீர்த்துக்கட்டியவரும்கூட. அவர் செய்ததில் இன்று அறிவியலாளர்கள் மெச்சுவது, ஒவ்வொரு தேவாலயப் பங்கிற்கும் அனுப்பிய கேள்விப் பட்டியலை. ஆட்டம் எவ்வளவு நேரம் நீடித்தது? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? எத்தனை பேர் இறந்தார்கள்? வந்த பதில்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இதே சதுக்கத்தின் மூலையில்தான் 1908 பிப்ரவரி 1 அன்று மன்னர் கார்லோசும் பட்டத்து இளவரசரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1910இல் முடியாட்சியே போய்விட்டது.

ஜோசே மன்னர் பாவம். அன்று காலை குடும்பத்தோடு பெலேமில் இருந்ததால் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு கல் கட்டடத்தில் தூங்க அவருக்குத் தைரியம் வரவேயில்லை. அஜூதா குன்றின்மேல் மரமும் துணியுமாக ஒரு கூடார அரண்மனை போட்டு, சாகும்வரை அங்கேயே குடியிருந்தார். 1794இல் அது எரிந்த பிறகு எழுந்ததுதான் இப்போதுள்ள அஜூதா அரண்மனை.

கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 1147இல் அபோன்சோ ஹென்ரிக்கஸ் மூர்களிடமிருந்து பிடித்த இடம் என்பது உண்மை. ஆனால் கண்முன் நிற்கும் கொத்தளங்களில் பெரும்பகுதி 1938-40இல் சர்வாதிகாரி சலசாரின் ஆட்சி புதுப்பித்துக் கட்டியது. காட்சிக்காகப் போகலாம், பழமைக்காகப் போக வேண்டாம். அதன் கீழே சரியும் ஆல்ஃபாமாவின் முடுக்குகள்தான் நிஜமான பழசு. அந்தத் தெருக்களின் நெளிவு பூகம்பத்துக்கும் முந்தையது. 28ஆம் எண் டிராமில் நெருக்கியடித்துக்கொண்டு பர்ஸைக் காவல் காப்பதைவிட, அங்கே நடந்தே போவது மேல்.

பெலேமுக்கு ஒரு முழு நாள் வேண்டும். ஆட்டத்தைத் தாங்கிப் பெரிதாகச் சேதமில்லாமல் நின்ற ஜெரோனிமோஸ் மடம் அங்கே இருக்கிறது. 1501இல் வேலை தொடங்கியது. ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழை நாடுகளிலிருந்தும் வந்த சரக்குகள்மீது போட்ட 5 சதவீத வரியில் கட்டியது. கயிறு முறுக்கியது போன்ற கல்வேலைகளுக்கு நம் கடலோர மிளகும் பணம் கட்டியிருக்கிறது. வாசலை ஒட்டி வாஸ்கோ ட காமாவின் கல்லறை, அதன் பக்கவாட்டில் செதுக்கிய கப்பல். 1502இல் மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகளை மலபார் கடலில் கப்பலோடு எரித்தவரும் இவரே. அந்தக் கப்பல் கல்லறையில் இல்லை.

ஆற்றோரப் பெலேம் கோபுரத்தின் சிறு காவல்மாடம் ஒன்றின் அடியில் தேய்ந்துபோன ஒரு காண்டாமிருகத் தலையைத் தேடிப் பாருங்கள். குஜராத் சுல்தான் இரண்டாம் முசாபர் கொடுத்து, போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகெர்க் கோவாவிலிருந்து அனுப்பி, 1515 மே மாதம் லிஸ்பன் வந்திறங்கிய மிருகம் அது. யானையோடு மோதவிட்டார்கள். யானை ஓடிவிட்டது. பிறகு போப்புக்குப் பரிசாக அனுப்ப, இத்தாலிக் கடற்கரையோரம் கப்பலோடு மூழ்கியது. அதை நேரில் பார்க்காமலேயே ஓவியர் ட்யூரர் உருவாக்கிய மரச்செதுக்கு ஓவியத்தைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

தமிழர்களுக்கு லிஸ்பனில் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. 1554இல், மூன்றாம் ஜான் மன்னரின் ஆணைப்படி இங்கே அச்சேறியது ‘கார்டிலா’. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் கோத்து, உடன் போர்ச்சுகீசியப் பொருளும் தந்த கிறித்தவ மந்திர நூல். விசெந்தே தெ நசரேத், ஜோர்ஜ் கார்வால்யோ, தோமே தா க்ரூஸ் என்று ஞானஸ்நானப் பெயர் தாங்கிய தமிழர் மூவர் அதைத் தயாரித்தார்கள். கொல்லத்தில் தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாவதற்கு 24 ஆண்டுகள் முன்பு. இன்று அறியப்பட்ட பிரதி, ஜெரோனிமோஸ் மடத்தின் நீண்ட பக்கக் கட்டடத்தில் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 2022இல் புதுப்பிப்புப் பணிக்காக அந்த அருங்காட்சியகத்தை மூடினார்கள். ஆகவே கிளம்பும் முன் திறந்திருக்கிறதா, நூல் காட்சியில் உண்டா என்று இரண்டையும் எழுதிக் கேட்டுவிடுங்கள். ஊரின் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை.