ஏட்டில் பதிந்த சாவுகள்

பள்ளிக்கூடம் என்றதும் வாசற்படி ஏறவிடாது நம் முன்னோரைத் தடுத்த இடமே நமக்கு நினைவில் எழும். பிள்ளையைத் தாயின் மடியிலிருந்து பிரித்து உள்ளே அடைத்த பள்ளிகளும் உலகில் இருந்தன என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். கனடாவில் 1880களில் தொடங்கி 1990களின் பிற்பகுதி வரை, அரசு பொருள் வழங்கத் திருச்சபைகள் பெரும்பாலானவற்றை நடத்திய பூர்வகுடி உறைவிடப் பள்ளிகளே அவை. 1,50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவற்றிற் சேர்க்கப்பட்டனர். 1920ஆம் ஆண்டு சட்டமே கட்டாயப்படுத்தியது. தாய்மொழி பேசியதற்காக அடிபட்ட பிள்ளைகள் பலர்.

இவையெல்லாம் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டவை என்று வாதிடுவோர் உளர். 2017இல் கனடிய மேலவை உறுப்பினர் லின் பேயாக் அவ்வாறே பேசினார். இதற்கு விடையை அரசின் மருத்துவ அதிகாரியே முன்னரே எழுதி வைத்துவிட்டார். டாக்டர் பீட்டர் பிரைஸ் 1907ஆம் ஆண்டு அறிக்கையில், விவரம் கிடைத்த 1,537 மாணவருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்துவிட்டதாகக் காட்டினார். கணக்கைச் சரியாக வைத்திருந்த ஒரு பள்ளியில், படித்து வெளியேறியவருள் நூற்றுக்கு 69 பேர் மாண்டிருந்தனர்! காற்றோட்டமற்ற அறைகளில் காசநோய் பரவிற்று. அவர் கூறிய சீர்திருத்தங்களை அரசு ஏற்கவில்லை. ஓய்வு பெற்றபின் 1922இல், அதனை 'தேசியக் குற்றம்' என்றே பெயரிட்டு நூலாக வெளியிட்டார்.

இன்னொரு மறுப்பு கம்லூப்ஸ் பற்றியது. 2021 மே மாதம் அங்கே ராடார் சோதனையில் பிள்ளைகளின் புதைகுழிகள் இருக்கக்கூடிய இடங்கள் தென்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ராடார் காட்டுவது மண் கலைந்த தடத்தையே, எலும்பை அன்று. உடல்களே கண்டெடுக்கப்பட்டனவெனச் சில ஏடுகள் எழுதியது பிழைதான். அதை நாம் மறைத்தல் ஆகாது. ஆனால் அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் இறக்கவேயில்லை என்று தாவுவது எவ்வாறு பொருந்தும்? அச்சோதனைக்கு ஆறாண்டுகளுக்கு முன்பே, 2015இல், உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 3,200 சாவுகளைப் பட்டியலிட்டிருந்தது. எதைக்கொண்டு? அரசும் திருச்சபைகளும் தம் கையால் எழுதிய ஏடுகளைக்கொண்டு. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குப் பெயரில்லை. பாதியளவுக்குச் சாவின் காரணமில்லை. உடலைப் பெற்றோரிடம் அனுப்பச் செலவாகும் என்று அதிகாரிகள் மறுத்ததும் எழுத்தில் உள்ளதே.

2019 செப்டம்பர் 30 அன்று, 50 மீட்டர் நீளச் செந்துணியில் 2,800 பிள்ளைகளின் பெயர்களை எழுதி விரித்தனர். பெயர் கிடைத்தவர்கள் மட்டுமே அதில் இருந்தனர்.