டாரசாஃப் வழக்கு

டாரசாஃப் வழக்கு (டாரசாஃப் எதிர் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆட்சிக்குழு) என்பது, நோயாளரின் இரகசியத்தைக் காக்கும் உளச்சிகிச்சையாளரின் கடமைக்கு எல்லை வகுத்த அமெரிக்க வழக்கு ஆகும். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் இதன் தீர்ப்பை 1976 சூலை 1 அன்று வழங்கியது.

பின்னணி

1969 இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த மாணவர் ஒருவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தம் உளவியலாளரிடம் கூறினார். உளவியலாளர் இதனைப் பல்கலைக்கழகக் காவல்துறைக்குத் தெரிவித்தார். காவலர்கள் மாணவரைச் சிறிது நேரம் தடுத்து வைத்து, தெளிந்த மனநிலையில் இருப்பதாகக் கருதி விடுவித்தனர். அப்பெண்ணுக்கோ அவரது பெற்றோருக்கோ எவரும் எச்சரிக்கை செய்யவில்லை. 1969 அக்டோபர் 27 அன்று டட்டியானா டாரசாஃப் அம்மாணவரால் கொல்லப்பட்டார். பெற்றோர் வழக்குத் தொடுத்தனர்.

தீர்ப்பு

1974 இல் வெளியான முதல் தீர்ப்பு, சிகிச்சையாளருக்கு எச்சரிக்கும் கடமை உண்டு என்றது. மறுவிசாரணைக்குப் பின் வந்த 1976 தீர்ப்பு இதனைக் காக்கும் கடமையாக விரிவாக்கியது. இதன்படி ஆபத்துக்குள்ளானவரை எச்சரித்தல், காவல்துறைக்கு அறிவித்தல், சூழலுக்கேற்ற பிற நடவடிக்கை எடுத்தல் ஆகியவற்றால் இக்கடமையை நிறைவேற்றலாம். பெரும்பான்மைத் தீர்ப்பை நீதிபதி மேத்யூ டோப்ரினர் எழுதினார். இரகசியம் உறுதியில்லை எனில் நோயாளர்கள் சிகிச்சையை நாடமாட்டார்கள், அதனால் வன்முறை கூடும் என்று நீதிபதி வில்லியம் கிளார்க் மாறுபட்டார்.

பிற்காலச் சட்டங்கள்

கலிபோர்னியா 1985 இல் இயற்றிய சட்டம், அடையாளம் காணத்தக்க ஒருவருக்கு எதிராகக் கடுமையான உடல் வன்முறை மிரட்டலை நோயாளர் தெரிவித்தால் மட்டுமே இப்பொறுப்பு எழும் என வரையறுத்தது. எல்லா மாநிலங்களும் இக்கொள்கையை ஏற்கவில்லை. டெக்சாசு உச்ச நீதிமன்றம் 1999 இல் இதனை ஏற்க மறுத்தது. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இரகசியம் காக்கப்படும் உரிமையை நோயாளருக்கு அளிக்கிறது. எனினும் பிறரைத் தீங்கிலிருந்து காக்கத் தேவையான அளவு தகவலை மட்டும் வெளியிட அனுமதிக்கிறது.

நடைமுறைத் தாக்கம்

இவ்வழக்கின் விளைவாக, இரகசியத்தின் எல்லைகளைச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே நோயாளருக்கு விளக்கி எழுத்துமூல ஒப்புதல் பெறுவது வழக்கமாயிற்று. மிரட்டல் எழும்போது அதன் தீவிரத்தை மதிப்பிடுதல், மூத்த சிகிச்சையாளரைக் கலந்தாலோசித்தல், எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும் பதிவு செய்தல் ஆகியவை சிகிச்சையாளரின் நடைமுறைக் கொள்கையில் இடம்பெறுகின்றன.