ஏலத்தில் வந்த ஜீப்

ஐம்பது வருடங்களுக்கு முன் உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துக் கிராமம் எதிலாவது ஜீப் சத்தம் கேட்டால் ஊருக்கு மூன்று சந்தேகம்தான் வரும். குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்கள் வருகிறார்கள், இல்லையென்றால் கடன் பாக்கிக்கு ஜப்தி பண்ண வருகிறார்கள், இல்லையென்றால் போலீஸ். தேர்தல் வருடமென்றால் நாலாவதாக மைக் செட். ஊர்க்காரர் ஒருவரே ஜீப் வைத்திருப்பார் என்று யாருக்கும் தோன்றாது. அது சர்க்கார் வண்டி. அப்படிப்பட்ட வண்டி எங்கள் வீட்டு வேப்பமரத்தடிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

ஜீப் பிறந்தது சண்டைக்காக. 1940-இல் அமெரிக்க ராணுவம் நாலு சக்கரத்துக்கும் விசை போகிற ஒரு சின்ன வண்டி வேண்டுமென்று கேட்டது. பாண்டம் என்ற சிறிய கம்பெனி 49 நாளில் மாதிரி வண்டி செய்து கொடுத்தது. ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸ் கம்பெனிக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டது. பாவம், பாண்டத்தின் பெயரை இன்று ஜீப் பைத்தியங்கள் தவிர யாரும் சொல்வதில்லை. சண்டை முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்புகள் வெளியே வந்தன. பர்மா முனையின் சேற்றிலும் அவைதான் ஓடின.

அந்தச் சமயம் இந்திய அரசுக்குப் பொருள் வாங்கும் குழுவுக்குத் தலைமை வகித்து அமெரிக்காவில் இருந்தவர் கே.சி. மஹிந்திரா. ஜீப்பை அங்கேதான் பார்த்தார். நம் ஊர் ரோட்டுக்கு இதுதான் சரி என்று அவருக்குப் பட்டிருக்கிறது. 1945-இல் தொடங்கிய அவர்கள் கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்டு முகமது. அந்த முகமது, குலாம் முகமது, பிரிவினையில் பாகிஸ்தான் போய் முதல் நிதியமைச்சராகி, 1951-இல் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948-இல் இங்கே கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஆயிற்று. பம்பாயில் ஜீப்பைப் பாகம் பாகமாக இறக்கிப் பூட்ட ஆரம்பித்தார்கள். அதே காலத்தில் வி.கே. கிருஷ்ண மேனன் லண்டனிலிருந்து ராணுவத்துக்குப் பழைய ஜீப்புகள் வாங்கப்போய், 155 மட்டும் வந்துசேர்ந்து பாராளுமன்றமே ரெண்டுபட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகாரே ஜீப்பில்தான் ஏறி வந்தது என்று என் அப்பா கேலி பண்ணுவார்.

கிராமத்துக்குள் ஜீப்பைக் கொண்டுவந்தது 1952 அக்டோபர் 2-இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம். 1958 சட்டத்தின்படி பஞ்சாயத்து யூனியன்கள் வந்த பிறகு, யூனியன் ஆபீஸ் என்றால் ஒரு ஓட்டுக் கட்டடம், வாசலில் ஒரு ஜீப் என்று ஆகிவிட்டது. நான் அப்படி ஓர் ஆபீசில் எழுத்தராகச் சேர்ந்தவன். ஜீப்பில் பின்பக்கம் எதிரும் புதிருமாகப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து கள்ளிக்குடி கரிசல் பாதைகளில் போயிருக்கிறேன். முதுகு இன்னும் மறக்கவில்லை.

ஆபீஸ் வண்டிக்கு ஆயுசு முடிந்தால் 'கண்டம்' என்று எழுதி ஓரம் கட்டுவார்கள். வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, டயர் மண்ணில் புதைந்து, உள்ளே ஓணான் குடியேறிய பிறகு ஏலம் வரும். 1986-இல் பக்கத்து மாவட்டத்தில் அப்படி ஓர் ஏலத்தில் நான் எடுத்தது 1964-ஆம் வருஷத்து சி.ஜே. 3பி. பெட்ரோல் வண்டி. விலை 11,200 ரூபாய். லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தோம். வீட்டுக்காரி சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ரெண்டு பசுமாடு வாங்கியிருக்கலாம்" என்றாள். கணக்குப்படி அவள் சொன்னது சரிதான்.

பானெட் உயரமாகத் தூக்கி நிற்குமே, அந்த மாடல்தான். காரணம் உள்ளே இருக்கிற இன்ஜின். சண்டைக்கால ஜீப்பில் வால்வு எல்லாம் பக்கவாட்டில் இருக்கும். இதில் காற்று போகிற வால்வை மேலே ஹெட்டுக்கு மாற்றினார்கள். இன்ஜின் வளர்ந்தது, பானெட்டும் வளர்ந்தது. பெட்ரோல் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். சாதாரண கியருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு லீவர்: ஒன்று முன்சக்கரத்துக்கு விசை கொடுக்க, இன்னொன்று வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்ட. இரண்டாவதைப் போட்டால் இழுவை ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆகும். வண்டி நடை வேகத்தில் எருமை மாதிரி போகும், ஆனால் நிற்காது.

ஆள் கிடைத்தது பழங்காநத்தத்தில். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். மதுரையில் மோட்டார் மெக்கானிக்குக் குறைவே இருந்ததில்லை. 1911-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் இங்கே தொழில் ஆரம்பித்ததிலிருந்து இந்த ஊர் கை கிரீசில்தான் இருந்தது. சண்டைக் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது டி.வி.எஸ். செய்த கரி காஸ் பிளான்ட்டைப் பின்னால் கட்டிக்கொண்டு பஸ்கள் ஓடியதை அந்தத் தலைமுறை பார்த்திருக்கிறது. பாயின் வாப்பா கரி அள்ளிப் போட்ட கைதான். கரியில் பஸ் ஓட்டிய ஊருக்கு என் ஜீப் ஒரு பெரிய விஷயமில்லை.

பாய் ஒரு வாரம் வண்டியைச் சுற்றியே வந்தார். பிறகு, "சார், இது காரு இல்ல, கலப்பை மாதிரி. உடைஞ்ச இடத்தை மட்டும் செஞ்சாப் போதும்" என்றார். அப்படியேதான் செய்தோம். ஐந்து மாதம் ஆயிற்று. தரைத் தகடு மூன்று இடத்தில் ஓட்டை, டிங்கரிங் வேலை. பிரேக் சிலிண்டரும் கார்ப்ரேட்டரும் சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கினேன். டாப்புக்கு ஆபீஸ் வண்டியில் இருந்த மாதிரியே காக்கி கித்தான்.

தீராத தலைவலி ஸ்டியரிங். இந்த வண்டிகளில் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் கம்பி நேரே சக்கரத்துக்குப் போகாது. நடுவே முன் அச்சுக்கு மேலே ஒரு முழங்கை மாதிரித் துண்டு, அது ஓர் ஊசியில் திரும்பும். அதன் புஷ் தேய்ந்தால் 40 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் இரண்டும் சாமியாட ஆரம்பித்துவிடும். புதுசு கிடைக்கவில்லை. பாய் லேத்தில் கன்மெட்டல் புஷ் ஒன்று கடைந்து அடித்தார். அதற்குப்பின் எனக்கு வண்டி இருந்தவரை அந்த இடத்தில் சாவி வைக்க வேண்டியிருக்கவில்லை.

வண்டி பெரும்பாலும் விதை மூட்டை, உரம், கல்யாணத்துக்குப் பாத்திரம் என்றுதான் ஓடியது. ஒரு ஐப்பசி மழையில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் மதுரையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலைக் கொண்டுவந்த வேன் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. உள்ளே இரண்டு மைல் கரிசல். நனைந்த கரிசலைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சக்கரத்தில் அப்பி மட்கார்டுக்குள் அடைத்து வண்டியை அப்படியே பிடித்து நிறுத்திவிடும். இரண்டு லீவரையும் போட்டு, நடுவழியில் இரண்டு முறை இறங்கி மண்வெட்டியால் மண்ணைச் சுரண்டி, ஒருமணி நேரத்தில் வீட்டு வாசலில் இறக்கினோம். அதற்கப்புறம் ஊரில் யாரும் அதை ஏல வண்டி என்று சொல்லவில்லை.

பெட்ரோல்தான் என்னை அடித்தது. லிட்டருக்கு 7 கிலோமீட்டர். 1973-இல் உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறியபோதே பாதிப்பேர் ஜீப்பில் டீசல் இன்ஜின் தூக்கி வைத்துவிட்டார்கள். 1980-களில் கம்பெனியே பேஷோ டீசல் இன்ஜினோடு விற்றது. என் பையன்களும் மாற்றச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. கடைசியில் 1998-இல் போடியிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்தேன். விடியுமுன் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளைப் போடி, கம்பம் பக்கம் பார்த்திருப்பீர்களே, அந்தத் தொழில். வாங்கிய மாதமே டீசல் இன்ஜின் வைத்துவிட்டதாகச் சொன்னார். கோபம் வரவில்லை. ஒரிஜினலாக வைத்துக் கண்ணாடிக் கூண்டில் நிறுத்துகிறவர்களை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தச் சமவெளியில் எந்த ஜீப்பும் ஒரிஜினலாக இருந்து பிழைத்ததில்லை. கூப்பிட்ட வேலைக்கு ஏற்றபடி மாறித்தான் பிழைத்தது.

இனி அந்த வழியும் கிடையாது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு ரத்தாகிவிடும். ஏலம் எடுத்து ஓட்ட முடியாது, உடைக்கத்தான் போகவேண்டும். புகை, பாதுகாப்பு என்று காரணம் சொல்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் யூனியன் ஆபீஸ் வாசலிலிருந்து கரிசல் காட்டுக்கு வந்துகொண்டிருந்த வண்டி அத்தோடு நின்றது.

பாய் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. லேத்தை மகன் சிந்தாமணிப் பக்கம் கொண்டுபோய்விட்டார், மோட்டார் பம்புக்குப் புஷ் கடைகிறார். போன மாசம் பார்த்தபோது போடிக்காரர் இரண்டு தடவை வந்து போனதாகச் சொன்னார். இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி எல்லாம் மாறிவிட்டதாம். ஸ்டியரிங்கில் இருப்பது மட்டும் அவர் வாப்பா கடைந்த அதே புஷ்.