ஷுல்ட்ஸே என்னும் பெயர்

கன்னிவாடி பழனிமலை அடிவாரத்தில் உள்ள ஊர். பாளையக்காரர் காலத்தில் திண்டுக்கல் சீமைப் பாளையங்களுள் ஒன்றாக விளங்கியது. அதனை ஆண்டவர் நாயக்கர் எனப்பட்டனர். நாயக்கர் என்பதற்குத் தலைவர் என்பது பொருள். பதவியின் பெயர் குடும்பத்தின் பெயராய் நிலைப்பது நம் நாட்டில் மட்டும் காணும் வழக்கன்று. கடல் கடந்து தமிழகம் போந்த ஒரு ஜெர்மானியரின் பெயரிலும் இவ்வரலாறு பொதிந்து கிடக்கிறது.

அவர் பெஞ்சமின் ஷுல்ட்ஸே. 1689-இல் பிராண்டன்பர்க் நாட்டுச் சோனன்பர்க்கில் பிறந்தவர்; சீகன்பால்கு மறைந்த 1719-ஆம் ஆண்டிலேயே தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். சீகன்பால்கு ரூத்து ஆகமம் வரை தமிழில் பெயர்த்து வைத்திருந்த பழைய ஏற்பாட்டை இவரே நிறைவு செய்தார். பின்னர்ச் சென்னையில் தங்கித் தெலுங்கு இலக்கணம் எழுதினார். 1743-இல் தாய்நாடு திரும்பி, 1760-இல் ஹாலே நகரில் காலமானார்.

அவர் பெயரின் மூலம் 'ஷுல்ட்ஹைஸ்' என்னும் பழஞ்சொல். 'ஷுல்ட்' என்றால் கடன், கடமை. 'ஹைஸ்' என்பது ஏவுதலைக் குறிக்கும். செலுத்த வேண்டியதைச் செலுத்துமாறு ஏவுபவன் என்பது பொருள். பிரபுவுக்குரிய வரியைத் திரட்டுவதும், ஊர்வழக்குகளைத் தீர்ப்பதும் அவன் தொழில். நம் ஊர் மணியக்காரரையும் நாட்டாண்மைக்காரரையும் ஒருங்கே எண்ணிக்கொண்டால் அவன் யாரென்பது விளங்கும். கிழக்கு ஜெர்மனியில் புதிய ஊர்கள் எழுந்த காலத்தில் இப்பதவி பல இடங்களில் தந்தைக்குப் பின் மகனுக்குச் சென்றது. அதற்கென வரியில்லா நிலமும் விடப்பட்டது. நம்மவர் அதனை மானியம் என்பர்.

இடத்திற்கேற்ப இப்பெயர் ஷுல்ட்ஸ், ஷுல்டே, ஷோல்ட்ஸ் எனத் திரிந்தது. கற்றோர் சிலர் இலத்தீன் மொழியில் பிரேட்டோரியஸ் என மாற்றிக்கொண்டனர். இசை மேதை மைக்கேல் பிரேட்டோரியஸ் அவ்வாறு பெயர் பூண்டவரே. 2021 முதல் 2025 வரை ஜெர்மனியின் பிரதமராயிருந்த ஓலாஃப் ஷோல்ட்ஸின் பெயரும் இவ்வேரில் கிளைத்ததே.

இவர்கள் யாவரும் ஒரே குலத்தவரோ? அல்லர். ஊர்தோறும் ஒரு தலைவன் இருந்தான். ஆதலின் ஊர்தோறும் இப்பெயர் தனித்தனியே தோன்றிற்று. பெயர் ஒன்றாயிருப்பது கண்டு உறவு கற்பித்தல் பொருந்தாது. பதிவேட்டில் பல்லாண்டுகள் மாணவர் பெயரை எழுதியவன் யான். பெயரைக் கொண்டே குலத்தை அளந்து, உயர்வு தாழ்வு கற்பிப்போரையும் கண்டிருக்கிறேன். ஒரு பெயர், முன்னோர் ஒருவர் பார்த்த வேலையை நமக்குக் கூறலாம்; பெயரைத் தாங்குபவரின் தகுதியைக் கூறாது.

தமிழ்நாட்டில் பரம்பரை மணியப் பதவி 1980-இல் நீக்கப்பட்டது. ஆயினும் சிற்றூர்களில் 'மணியக்காரர் வீடு' என்னும் வழக்கு இன்றும் ஒலிக்கிறது. வரி தண்டிய கை ஓய்ந்து நெடுங்காலமாகியும் ஷுல்ட்ஸே என்னும் பெயர் ஜெர்மனியில் வாழ்வதும் அவ்வாறே. பதவி நீங்கும், அதன் பெயர் வீட்டு வாசலில் தங்கிவிடும்.